பருவமும் பயணியும்: மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தில் ஓய்வின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

இலங்கையில் வெளியூரார் ஓய்வின்பொருட்டுச் சென்று தங்கிய இடங்களைப் பற்றி எழுதியோரிற் பெரும்பாலோர் மலைநாட்டிலிருந்தே தொடங்கியுள்ளனர். அதற்குக் காரணம் உண்டு. 1819 இல் ஜோன் டேவி என்னும் மருத்துவர் நுவரெலியாச் சமவெளியைக் கண்டார். 1820களில் தேசாதிபதி எட்வேட் பான்ஸ் அங்குத் தமக்கொரு வாசத்தலம் அமைத்தார். 1848 அளவில் சாமுவேல் பேக்கர் அங்கு ஆங்கிலப் பண்ணையொன்றை நிறுவ முயன்றார். கோப்பித் தோட்டங்களும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களும் தோன்றித் துரைமாரின் தொகை பெருகவே, குதிரைப் பந்தயமும் பிறவும் கொண்ட ஏப்ரல் மாதப் 'பருவம்' ஒன்று அங்கு உருவாயிற்று. சமவெளியின் வெயிலுக்கு அஞ்சி மலையேறியோரின் பருவம் அது. அதே மலைகளிற் கொழுந்து பறித்த தமிழ்த் தொழிலாளரின் நாட்காட்டியில் அப்படியொரு பருவம் இருக்கவில்லை.

மலைநாட்டைப் பற்றி இவ்வளவு தெளிவாகத் தெரிகின்ற ஓர் உண்மை, கடற்கரைப் பிரதேசங்களைப் பற்றிப் பேசுமிடத்து மறைந்துவிடுகின்றது. கடலும் மணலும் எவருடைய உழைப்புமின்றி இயற்கையாகவே பயணிக்கெனக் கிடப்பன போன்ற தோற்றமே அதற்குக் காரணமாகலாம். ஆண்டின் எந்த மாதத்தில், எவர், எதன்பொருட்டு மட்டக்களப்பு வாவிக் கரைக்கு வந்தனர் என்னும் வினாவை எழுப்பி, அதற்கு வரலாற்று அடிப்படையில் விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் நிலத்தையும் காற்றையும் நோக்குவோம். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடைய மட்டக்களப்பு வாவி, கரைக்கு இணையாக வடக்குத் தெற்காகக் கிடக்கின்றது. மட்டக்களப்பு நகருக்கு அருகேயும் பெரியகல்லாற்றிலுமாக இரு ஒடுங்கிய வாய்களினூடாக அது கடலோடு கலக்கின்றது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயலும் காடுமாக விரியும் நிலம் படுவான்கரை. ஞாயிறு எழும் பக்கமும் படும் பக்கமும் என்ற இப்பெயர்கள் வாவியின் நடுவே தோணியில் இருப்பவனின் பார்வையிற் பிறந்தவை போலும். வரைபடம் பார்த்து இட்ட பெயர்களல்ல.

இப்பிரதேச மக்கள் ஆண்டைக் காற்றாற் பகுப்பர். ஐப்பசி, கார்த்திகையில் தொடங்கும் வாடைக் காற்றோடு மழை வரும். நவம்பர் தொடக்கம் ஜனவரி வரையான மாதங்களிலேயே ஆண்டு மழையின் பெரும்பகுதி இங்குப் பெய்துவிடுகின்றது. அப்போது கடல் கொந்தளிக்கும். வாவி நிரம்பி நன்னீராகும். முகத்துவாரம் உடைத்துக் கொள்ளும். பங்குனிக்குப் பின் கடல் அடங்கும். வைகாசி முதல் ஆவணி வரை மலைநாட்டைக் கடந்து ஈரத்தை அங்கேயே இறக்கிவிட்டு வருகின்ற வறண்ட மேல்காற்றைக் 'கச்சான்' என்பர். கச்சான் வீசும் மாதங்களில் நிலம் வெடிக்கும். ஆயினும் கீழைக் கடல் குளம்போல் அமைதியாகக் கிடக்கும். தென்மேற்குப் பருவமழையால் காலி, நீர்கொழும்பு ஆகிய மேலைக் கரைகளில் வள்ளம் இறக்க முடியாத மாதங்களும் இவையே. இக்கட்டுரையிற் கூறப்போவன பலவற்றுக்கு இந்த ஒரு புவியியல் உண்மையே அடிப்படை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இப்பிரதேசத்துக்குப் பொழுதுபோக்கின்பொருட்டு வந்த வெள்ளையரில் முதன்மையானோர் வேட்டைக்காரர். நுவரெலியாவிற் பண்ணை வைத்த அதே பேக்கர்தான் மலையிலிருந்து கிழக்கே இறங்கி, ஊவாவுக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட புல்வெளிகளில் யானை சுட்டார். அவ்வனுபவங்களை 1854 இலும் 1855 இலும் இரு நூல்களாக வெளியிட்டு இங்கிலாந்திற் புகழும் பெற்றார். யானையைக் கொல்வோர்க்கு அரசாங்கமே வெகுமதி கொடுத்த காலம் அது. பயிரைக் காத்தல் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. ஆனால், பயிர் செய்தவனிடம் துவக்கு இருக்கவில்லை என்பதை மறத்தலாகாது. இப்பிரதேசத்து ஏறாவூர்ப் பணிக்கர் என வழங்கிய முஸ்லிம் யானைப் பிடிகாரர், வார்க்கயிறு கொண்டு யானையை உயிரோடு பிடிக்கும் நுட்பத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தோர். அவர்களுக்கு அது தொழில். துரைக்கு அது விளையாட்டு. துரை எழுதியது நூலாயிற்று. பணிக்கரின் அறிவு அவர் மறைவோடு மறைந்தது.

வேட்டைக்காரருக்குப் பின் வந்தோர் கேட்பதற்காக வந்தனர். குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் தெனன்ற் 1848 இல் மட்டக்களப்புக்கு வந்தபோது, நிலவெழுந்த பின் தோணியில் வாவிக்குச் சென்று நீருக்குள்ளிருந்து எழும் இசையைக் கேட்டார். 1859 இல் வெளியான இலங்கை பற்றிய தமது நூலில் அதனை விரிவாகப் பதிவும் செய்தார். ஈரவிரலால் மதுக்கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும்போது எழும் ஒலிக்கு அவர் அதனை ஒப்பிட்டார். அவருடைய உணவு மேசையிலிருந்து வந்த உவமை அது. அவரை ஏற்றிச்சென்ற மீனவரோ அவ்வொலியை மீனுக்கு உரியதாகக் கூறவில்லை. 'ஊரி' எனப்படும் சிப்பிவகையே அழுவதாகக் கூறி, அதனை நீருக்கடியிலிருந்து எடுத்தும் காட்டினர். வறண்ட காலத்தில் மட்டுமே அது கேட்கும் என்றும், மழைக்குப் பின் வெள்ளம் வந்து வாவி நிரம்பினால் அடங்கிவிடும் என்றும் அவர்கள் சொன்னதைத் தெனன்ற் நேர்மையாகக் குறித்துள்ளார். பாடும் மீனுக்கும் பருவம் உண்டு என்பதை அவர் அறிந்தது அம்மீனவரிடமிருந்தே.

'மீன்பாடும் தேன்நாடு' என்னும் தொடர் இன்று மட்டக்களப்பின் மறுபெயராகிவிட்டது. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளின் கற்பனையில் அவ்வொலி நீரரமகளிரின் பாடலாயிற்று. பழந்தமிழரின் யாழை ஆராய்ந்து 1947 இல் 'யாழ் நூல்' வெளியிட்ட ஒருவருக்கு, இந்த வாவியின் நரம்பொலி இளமையிலேயே செவியிற் பட்டிருந்தது தற்செயல் எனக் கொள்ளத் தோன்றவில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மட்டக்களப்பிற் பணியாற்றிய அமெரிக்க யேசுசபைத் துறவியான லாங் அடிகளார் அவ்வொலியைப் பதிவு செய்தார். அது வானொலியிலும் ஒலித்தது. மீனா ஊரியா என்னும் வினாவுக்கு அறிவியல் ஐயமற விடை கூறிவிடவில்லை. உல்லாசப் பயணக் கைந்நூல்கள் மட்டும் மீன் என்றே தீர்ப்பளித்துவிட்டன. அழுகின்ற சிப்பியைக் காட்டிலும் பாடுகின்ற மீன் விளம்பரத்துக்கு ஏற்றது என்பதைத் தவிர வேறு காரணம் அதற்குத் தெரியவில்லை.

இனி, பயணிகளைக் கொணர்ந்த வழிகளைச் சுருக்கமாகக் காண்போம். பிரித்தானிய நிருவாகம் தன் உத்தியோகத்தரின் பயணத்துக்கெனப் பெருவீதிகளில் அமைத்த வாடிவீடுகளே தொடக்கத்தில் வெளியூரார் தங்குமிடங்களாயின. (வாடி எனும் சொல் மீனவர் பருவகாலத்திற் கரையில் அமைக்கும் ஓலைக் குடிலையும் குறிக்கும். அரசாங்கத்தின் வாடியும் மீனவரின் வாடியும் ஒரே கரையில் இடம் தேடப்போவதைச் சொல் முன்னரே அறிந்திருந்தது போலும்.) 1913 இல் முகத்துவாரத்தில் வெளிச்சவீடு எழுந்தது. நகரையும் கல்லடியையும் இணைக்கும் இரும்புப் பாலம் 1924 இல் அமைக்கப்பட்டு, அன்றைய தேசாதிபதி வில்லியம் மானிங்கின் மனைவி பெயரால் 'லேடி மானிங் பாலம்' என வழங்கிற்று. 1928 இல் மட்டக்களப்புப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. நெல்லையும் கொப்பறாவையும் ஏற்றிச் சென்ற அப்பாதை, கல்குடாவிலும் நின்றது.

கல்குடா நிலையத்தின் முக்கியத்துவம் பற்றிச் சற்று விரித்துக் கூறுதல் வேண்டும். இந்நாட்டில் ஓய்வு பொதுமக்களுக்கு உரியதான வரலாற்றை எழுதுவோர் கடற்கரையைக் காட்டிலும் தொழிற்சட்டங்களையே முதலில் ஆராய வேண்டும். 1941 இன் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டமும், 1954 இன் கடை, காரியாலய ஊழியர் சட்டமும் தொழிற்சங்கங்களின் போராட்டங்கள் தழைத்திருந்த சூழலில் வந்தவை. சம்பளத்தோடு கூடிய லீவு என்பது அவற்றால் ஒரு பகுதி உழைப்பாளருக்காவது உரிமையாயிற்று. அரச ஊழியருக்குக் குடும்பத்தோடு புகையிரதத்தில் இலவசமாகப் பயணஞ் செய்யும் 'வாறன்ற்' கிடைத்தது. கொழும்பிலும் கண்டியிலும் இலிகிதராகவும் ஆசிரியராகவும் இருந்தோர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கல்குடாக் கடலைக் காண வந்தது அந்த வாறன்றினாலேதான். பாடசாலை மாணவரின் கல்விச் சுற்றுலாக்களும் அவ்வாறே வந்தன. 1966 முதல் 1971 வரை ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாகப் போயா நாள்களே நாட்டின் வாராந்த விடுமுறையாயிருந்தன. நிலவின் பிறை, முழுமை ஆகியவற்றோடு விடுமுறை நகர்ந்த அவ்வாண்டுகளில், பூரணை நாளில் விடுமுறையும் கிட்டியது. வாவியிசை கேட்க உகந்ததாகச் சொல்லப்படும் நிலவும் கிட்டியது. அரசின் மதக்கொள்கை பற்றிய விவாதங்களில் இச்சிறு விளைவு எங்கும் பேசப்படவில்லை.

ஆயின் 1966 இல் வேறொரு மாற்றமும் நிகழ்ந்தது. அவ்வாண்டு சட்டமொன்றினால் இலங்கை உல்லாசப் பயணச் சபை நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டு அமெரிக்க ஆலோசனை நிறுவனமொன்று பத்தாண்டுத் திட்டமொன்றை வரைந்து கொடுத்தது. கொழும்பு, தென்கரை, கீழ்க்கரை, மலைநாடு, புராதன நகரங்கள் என நாடு ஐந்து வலயங்களாகப் பகுக்கப்பட்டது. அத்திட்டத்தின் தருக்கம் எளியது. இரு பருவக் காற்றுகளும் மாறி மாறி வீசுவதால், இத்தீவின் ஏதேனும் ஒரு கரை எப்போதும் வெயிலுடன் இருக்கும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை தென்மேற்குக் கரை; மே முதல் செப்டெம்பர் வரை கீழ்க்கரை; இடையில் வெப்பம் தாங்காதோர்க்கு மலைநாடு. ஆகவே ஆண்டு முழுவதும் பயணி வரலாம். ஆண்டு முழுவதும் அந்நியச் செலாவணி ஈட்டலாம்.

காகிதத்தில் இது நேர்த்தியான கணக்கு. 1966 இல் 18,969 ஆக இருந்த வெளிநாட்டுப் பயணிகளின் தொகை 1982 இல் 407,230 ஆக உயர்ந்ததை நோக்குமிடத்து, கணக்கு பலித்தது எனவும் கூறலாம். ஆனால் எந்தக் கரையிற் பலித்தது என்பதே வினா. ஐரோப்பியன் வெயிலைத் தேடி நெடுந்தூரம் பறப்பது அவன் நாட்டிற் பனி பெய்யும் மாதங்களில். அம்மாதங்களில் மட்டக்களப்பில் அடைமழை. கீழ்க்கரையிற் கடல் அடங்கிக் கிடக்கும் யூன், யூலை மாதங்களில் அவன் நாட்டிலேயே கோடை. ஸ்பெயினும் கிரேக்கமும் அவனுக்கு அருகில் உள்ளன. எனவே ஆண்டு முழுவதும் என்ற திட்டத்தில் கீழ்க்கரைக்கு ஒதுக்கப்பட்டது மெலிந்த பாதியே. பாசிக்குடாவிலும் கல்குடாவிலும் 1970களில் எழுந்த விடுதிகளிற் பருவம் குறுகியது. அங்கு வேலை பெற்ற உள்ளூர் இளைஞரின் வருமானமும் அவ்வாறே. 1978 நவம்பர் 23 ஆம் நாள் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி நூற்றுக்கணக்கானோரைப் பலிகொண்டு, தென்னந்தோட்டங்களை அடியோடு சாய்த்தது. வாடைக் காலம் இக்கரையில் எத்தகையது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இதனினும் ஆழமான முரண்பாடொன்று உண்டு. அதனைத் திட்டமிட்டோர் கண்டுகொள்ளவில்லை. அல்லது காண விரும்பவில்லை. பாசிக்குடாவிற் பயணி நீராடுவதற்கு வேண்டிய அமைதியான கடலே கரைவலை இழுப்போனுக்கும் வேண்டும். பயணி வெயில் காயும் மணற்பரப்பே வலை இழுக்கும் 'பாடு'ம், தோணி ஏற்றும் இடமும், கருவாடு காயும் களமும் ஆகும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபம் முதலான மேலைக்கரைகளிலிருந்து மீனவர் கீழ்க்கரைக்கு வந்து வாடியமைத்துத் தங்கித் தொழில் செய்தல் நெடுங்கால வழக்கம். உள்ளூர் மீனவர், வந்தேறும் மீனவர், உல்லாசப் பயணி ஆகிய மூவருக்கும் ஒரே கரை, ஒரே மாதங்கள். மலைநாட்டில் ஓய்வும் உழைப்பும் ஒன்றையொன்று காணாமல் வேறு வேறு சரிவுகளில் நிகழ்ந்தன. இங்கே இரண்டும் ஒரே மணலில் எதிர்ப்பட்டன. எவர் விலக வேண்டும் என்பதைக் காற்று தீர்மானிக்கவில்லை; காணியுறுதியும் முதலீடும் தீர்மானித்தன.

இவ்விடத்து ஒரு மறுப்பு எழக்கூடும். உல்லாசப் பயணம் வருமுன் இப்பிரதேசத்து மக்கள் உழைத்துக்கொண்டே இருந்தனரா? ஓய்வும் விளையாட்டும் வெளியிலிருந்து வந்தவைதாமா? அவ்வாறன்று. 1962 இல் எஃப். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்', 1964 இல் வெளிவந்த வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' ஆகியவற்றைப் படிப்போர்க்கு இப்பிரதேசத்தின் ஆண்டுச் சுழற்சி புலப்படும். மாரிப்போக அறுவடை முடிந்து சூடடித்த பின் சித்திரையில் ஊஞ்சல்; கோடை இரவுகளில் வடமோடி, தென்மோடிக் கூத்துகள்; வைகாசியில் கண்ணகியம்மன் சடங்கு. கச்சானின் கொடுமையால் நோயும் வறட்சியும் வரும் காலத்தில், ஊர் வடசேரி தென்சேரியென இரண்டாகப் பிரிந்து கொம்புமுறி விளையாடும், போர்த்தேங்காய் அடிக்கும். அம்மனைக் குளிர்விக்கும் சடங்கு எனினும், வென்ற சேரி தோற்ற சேரியை ஏளனஞ் செய்து பாடும் பாடல்களைக் கேட்போர் அதனை வெறும் வழிபாடு என்று கொள்ளமாட்டார். ஆடி அமாவாசையில் அமிர்தகழி மாமாங்கேசுவரர் தீர்த்தம். ஆவணியில் மண்டூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா. எழுவான்கரை மக்கள் குருமண்வெளியில் 'பாதை' ஏறி வாவியைக் கடந்து மண்டூர் சென்றனர். வாவியிற் பயணிகளையும் வண்டில்களையும் ஏற்றிக் கரைசேர்க்கும் மிதவையைப் பாதை என்றே இப்பிரதேசத்தார் வழங்குவர். நிலத்தில் மட்டுமன்றி நீரிலும் பாதை உண்டு என்பது அவர்கள் கருத்து.

ஊர்விட்டு ஊர் நடக்கும் பழக்கமும் புதியதன்று. ஆடி மாதத்துக் கதிர்காம உற்சவத்துக்கு யாழ்ப்பாணம் செல்வச்சந்நிதியிலிருந்தும் முல்லைத்தீவு, திருகோணமலையிலிருந்தும் கரையோரமாகவே நடந்துவரும் அடியார், மட்டக்களப்பு ஊர்களில் இளைப்பாறி, பொத்துவில், உகந்தை கடந்து, குமணைக் காட்டினூடாகக் கதிர்காமம் சேர்வர். வாரக்கணக்கில் நீளும் இந்நடையிற் கூட்டாகச் சமைத்தலும் மரநிழலிற் படுத்தலும் கதை சொல்லலும் உண்டு. வழியூரார் உணவும் தண்ணீரும் கொடுத்தனர். அதற்கு விலை பெறவில்லை. கொலரா பரவுமென்ற காரணங்காட்டிப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பிரித்தானிய அரசு இவ்யாத்திரையைக் கட்டுப்படுத்திற்று. காட்டில் யானை சுட நடந்த துரைக்கு அத்தகைய தடை இருக்கவில்லை.

இவற்றைக் கூறுவதால், அக்காலம் சமத்துவம் நிறைந்ததாயிருந்தது எனக் கொள்ளுதல் பெருந்தவறாகும். கோயிற் திருவிழாவில் எந்தக் குடிக்கு முதல் மரியாதை, எவர் எங்கு நிற்கலாம் என்பன சாதியாலும் குடிமுறையாலும் வரையறுக்கப்பட்டிருந்தன. கூத்தாடியோர் ஆண்களே. வயற்காணியின் உடைமையாளரான போடியாருக்கு அறுவடையின் பின் கிடைத்த ஓய்வும், அவர் வயலைப் பார்த்த முல்லைக்காரருக்குக் கிடைத்த ஓய்வும் ஒன்றல்ல. ஆனால் ஓர் அடிப்படை வேறுபாட்டை மனங்கொள்ளுதல் தகும். அந்த ஓய்வு உற்பத்திச் சுழற்சியின் இடைவெளிகளிற் பொருந்தி நின்றது. வயலில் வேலையில்லாத மாதங்களிற் கூத்து வந்தது. உல்லாசப் பயணத் தொழிலோ மீனவனின் வேலை மாதங்களையே தன் பருவமாகக் கொண்டது.

போர்க்கால நிகழ்ச்சிகளை இங்கு விரித்தல் வேண்டா. 1983 இன் இனவன்முறைக்குப் பின் பயணிகள் வரவு நாடெங்கும் சரிந்து, 1987 இல் 182,620 ஆயிற்று. பாசிக்குடா விடுதிகள் மூடப்பட்டு, சிதைந்து, சுவர்களாக நின்றன. வாவி எல்லைக்கோடாயிற்று. எழுவான்கரை பெரும்பாலும் படையினர் வசமும் படுவான்கரை பெரும்பாலும் இயக்கத்தின் வசமும் இருந்த ஆண்டுகளில், மண்முனையிற் பாதை ஏறுவோர் இரு பக்கமும் சோதனைக்கு நின்றனர். கொக்கட்டிச்சோலையில் 1987 இலும் 1991 இலும், காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் 1990 ஆகஸ்ட் 3 இலும், சத்துருக்கொண்டானில் 1990 செப்டெம்பரிலும் நிகழ்ந்த படுகொலைகள் வாவியின் இரு கரை மக்களையும், தமிழரையும் முஸ்லிம்களையும், ஒருவரையொருவர் அஞ்சச் செய்தன. 2004 டிசெம்பர் 26 இன் ஆழிப்பேரலை, கடலுக்கும் வாவிக்கும் இடையே மணல் நாக்காக நீண்டிருந்த நாவலடியை விழுங்கிற்று.

போரின் பின் பயணி மீண்டான், விரைந்தும் மீண்டான். 2009 இல் 447,890 ஆக இருந்த வெளிநாட்டுப் பயணிகளின் தொகை 2018 இல் 2,333,796 ஆயிற்று. தென்னிலங்கையிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் கிழக்கைக் காண வந்தனர். அவர்களிற் பலர் தம் வாழ்நாளில் முதன்முறையாக வந்தவர்கள். இதனை இழித்துரைப்பது நேர்மையன்று. முப்பதாண்டு காணாத கரையை ஒரு சிங்களத் தொழிலாளி தன் பிள்ளைகளுக்குக் காட்டுவதில் நன்மையே உண்டு. பாசிக்குடா தேசிய விடுமுறை விடுதி வலயமாக்கப்பட்டு, 2011 முதல் புதிய விடுதிகள் அடுத்தடுத்துத் திறக்கப்பட்டன. குடாவின் வளைவு முழுவதும் விடுதிகள் நிரையாக எழுந்தபோது, மீனவர் தோணி ஏற்றவும் வலை உலர்த்தவும் இருந்த இடம் ஒரு மூலையளவாகச் சுருங்கிற்று. விடுதிகளில் உயர்பதவிகள் வெளியூராருக்கும், துப்புரவு, காவல், தோட்டவேலை போன்றவை உள்ளூராருக்கும் கிடைத்தமை அங்கு ஆய்வு செய்தோர் கண்ட உண்மை. விடுதிக்கு வேலைக்குப் போகும் பெண்ணைப் பற்றி ஊர் பேசிய பேச்சும் அவளுக்குத் தடையாயிற்று. இதில் முதலீட்டாளரை மட்டும் குற்றஞ்சாட்டுதல் போதாது.

மேற்கேயுள்ள மலையையும் இங்குக் குறிப்பிடுதல் தகும். படுவான்கரைக்கு அப்பால் எழும் சிறுகுன்றைத் தமிழர் குடும்பிமலை என்பர். சிங்களத்தில் அது தொப்பிகல. ஆங்கில வரைபடத்தில் பிரபுவின் தொப்பி. ஒரே பாறையைக் குடுமியாகக் கண்டவரும் தொப்பியாகக் கண்டவரும் வேறு வேறு. வயலில் நெல் நிற்கும் மாரி மாதங்களில் எழுவானிலும் படுவானிலுமுள்ள பண்ணையாளர் தம் மாடுகளை அப்பக்கத்து மேய்ச்சல் தரைகளுக்கு ஓட்டிச் செல்வர். அறுவடை முடியத் திருப்பிக் கொணர்வர். கரையிற் பயணியும் மீனவனும் எதிர்ப்பட்டது போல, அங்கே பண்ணையாளனும் புதிதாக வந்த பயிர்ச்செய்கையாளனும் எதிர்ப்பட்டனர். 2007 யூலையில் படையினர் அம்மலையைக் கைப்பற்றினர். போருக்குப் பின் அது வெற்றியை நினைவூட்டும் காட்சியிடமாகப் பார்வையாளருக்குத் திறக்கப்பட்டது. ஒரு மலையை ஏறிப் பார்ப்பவனுக்கு அங்கு முன்னர் என்ன நிகழ்ந்தது என்று எவர் சொல்லுகின்றார், எதைச் சொல்லாது விடுகின்றார் என்பதும் ஓய்வின் வரலாற்றுக்குள் அடங்கும்.

கடலுக்கடியிலும் இத்தகைய ஓரிடம் உண்டு. 1942 ஏப்ரல் 9 ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் 'ஹேர்மிஸ்' என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் மூழ்கடித்தன. 307 பேர் மாண்டனர். ஏறத்தாழ 53 மீற்றர் ஆழத்திற் கிடக்கும் அக்கப்பல், போருக்குப் பின் உலகெங்குமுள்ள ஆழ்கடல் முக்குளிப்போரை இங்கு ஈர்த்தது. பொழுதுபோக்குக்காக மூழ்குவோர்க்கு வகுத்த 40 மீற்றர் எல்லைக்கு அப்பாற்பட்டதாகையால், சிறப்புப் பயிற்சி பெற்றோரே அதனை அடைய இயலும். அவர்களும் கீழ்க்கடல் அமைதியாயிருக்கும் மாதங்களிலேயே வருவர். கப்பல் கிடக்கும் இடத்தை அவர்களுக்கு முன்பே அறிந்திருந்தோர் இக்கரை மீனவரே. மூழ்கிய கப்பலைச் சுற்றி மீன் கூடும். வலை போடுபவனுக்கு அது ஒரு வளமான பாறை.

2013 இற் கல்லடியிற் புதிய பாலம் திறக்கப்பட்டது. பழைய இரும்புப் பாலம் அருகே நிறுத்தப்பட்டு, மாலையிற் காற்று வாங்குவோரின் நடைபாதையாயிற்று. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டதோடு அங்குப் பாதை நின்றது. கொக்கட்டிச்சோலைக்கு மாரியிலும் இரவிலும் தடையின்றிச் செல்ல முடிந்தது. பிள்ளைப்பேற்றுக்கு அவசரமாக நகர் வரவேண்டிய பெண்ணுக்கு அதன் பெறுமதி எத்தகையது என்பதைப் பாதையின் அழகை நினைந்து வருந்துவோர் எண்ணிப் பார்ப்பாராக. கல்லடிப் பாலத்தருகே நிலாக் காலங்களில் தோணி வாடகைக்குக் கிடைத்தது. தோணிக்காரர் துடுப்பின் ஒரு நுனியை நீருள் ஆழ்த்தி, மறுநுனியிற் செவி வைத்துக் கேட்கச் சொல்வர். பாலத்தின்மீது வாகனம் அதிகமாகையால் நடுச்சாமத்துக்குப் பின் வருவதே நல்லதென்றும் சொல்வர். ஐப்பசி பிறந்துவிட்டால் வரவேண்டாமென்று காசை வாங்காமலே திருப்பி அனுப்புவோரும் அவர்களுள் இருந்தனர்.